மூங்கிலின் ஒரு முனை

9 நவம்பர் 1981

லாயத்தில், அப்பா பார்த்துக்கொள்ளும் குதிரை சாந்தினியின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜோதிலிங்கம் சார் வந்து அப்பாவிடம், "கருப்பசாமி, உன் பொண்ணு சும்மாதானே இருக்கா? மூங்கில் பிடிக்க வரட்டும்" என்றார். ஒலிம்பிக்கில் குதிரையேறித் தடை தாண்டியவர்; இப்போது எங்கள் குதிரையேற்றக் கிளப்பில் கோச். அடுத்த வருஷ ஏஷியாட் போட்டிக்கான தேர்வுக்குச் சாந்தினியைத் தயார் செய்கிறார்.

தடைக்கு மேல் ஒரு மூங்கில். சாந்தினி தாண்டும்போது நான் ஒரு முனையைத் தூக்க வேண்டும். காலில் பட வேண்டும். வலித்தால் அடுத்த தடவை உயரமாகத் தாண்டுமாம்.

பட்டது.

10 நவம்பர்

ஏன் அடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒலிம்பிக் போனவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ? எட்டாங்கிளாஸோட நின்ன கழுத!"

13 நவம்பர்

இன்று ஒன்பது தடவை பட்டது.

16 நவம்பர்

லாயத்து ஆட்கள் எல்லார் முன்னாலும் சார் சொன்னார்: "சுப்பையா தூக்குனா லேட்டு. இவளப் பாரு, அச்சா டைமிங்!"

பள்ளியில் வாயே திறக்காத என்னை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது. சீ! அடிக்கிற கைக்குப் பாராட்டு — அதுக்குப் பல்ல இளிச்சிட்டு நின்னேனே!

18 நவம்பர்

தீவனத்தோடு போனேன். சாந்தினி சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான் வெளியே வந்த பிறகுதான் தின்றது.

19 நவம்பர்

மூங்கிலைக் கீழே போட்டேன்.

"எடுடி!"

"உங்க குதிரையையும் இப்படித்தான் அடிச்சீங்களா சார்?" என் குரல்தானா அது?

அவர் கோபப்படவே இல்லை. "ஆமா. அதனாலதான் ஒலிம்பிக் போனேன்" என்றார். வெட்கமே இல்லாமல்! சுப்பையாவைக் கூப்பிட்டு மூங்கிலைக் கொடுத்தார்.

2 டிசம்பர்

தேர்வில் சாந்தினி மூன்று கம்புகளைத் தட்டிவிட்டது. சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். "ஜனவரியில இன்னொரு சான்ஸ் இருக்கு. சுப்பையா சரிப்படல. நீ வா."

"வருவா சார்" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"உங்கப்பன் வேலையை யோசிச்சியா?"

யோசித்தேன். அதுதான் எரிகிறது. "மாட்டேன் சார்."

5 டிசம்பர்

அப்பாவை லாயத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். இன்று முதல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார். என்னோடு பேசுவதில்லை. நான் சோறு போட்டால் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிறார்.

லாயத்துக்குள் நான் போகக்கூடாதாம். சாயங்காலம் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மூங்கில் தூக்கிய கையால் கம்பியைப் பிடித்திருந்தேன். மேய்ந்துகொண்டிருந்த சாந்தினி நிமிர்ந்து பார்த்தது. நான் கூப்பிடவில்லை. தானாக நடந்து வந்து, கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி அந்தக் கையை மோந்தது.