செப்புத் தகட்டில் உப்புக் கிடங்கு

மரக்காணம்,
12-6-2005

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ கையெழுத்துப் போட்டு இடிக்கக் கொடுத்தாயே, நம் தாத்தா காலத்து உப்புக் கிடங்கு, அதைச் செப்புத் தகட்டில் வரைந்து, கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு, தாளில் அச்செடுத்துவிட்டேன். ஆரோவில் ஓவிய அச்சுப் பட்டறையில் காவல் இருந்தபோது பார்த்துக் கற்ற வேலை. யாரும் சொல்லித் தரவில்லை.

சுனாமியில் சுவர் விரிசல் விட்டது உண்மை. இடிக்கும் அளவுக்கு இல்லை என்று அன்றே சொன்னேன்.

தகட்டில் முதலில் நீயும் இருந்தாய், வாசலில், கையில் சாக்குத் தைக்கும் ஊசியோடு. இடித்த அன்று உன்னைச் சுரண்டி எடுத்தேன். ஆனால் அமிலம் அரித்த கோடு செம்பில் ஆழமாக இறங்கிவிடும். மூன்று நாள் தேய்த்தும், மை பூசித் தாளில் அழுத்தினால் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் தெரிகிறான்.

டீக்கடை கஸ்பார் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, வாசல்ல உங்க தம்பி நிக்கிறாரு?" என்றான்.

"அது கறைப்பா."

"கறைக்கு உங்க வீட்டுக் காது இருக்குதே!"

இன்னும் சுரண்டினால் தகடு ஓட்டையாகிவிடும். விட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

உனக்கு ஒரு பிரதி ஒதுக்கியிருக்கிறேன். தபாலில் போட்டால் மடங்கிவிடும். நீதான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்