விடுபட்ட அளவு

பிப்ரவரி 5

இரண்டாவது மணி நேரம் இயந்திர வரைபடம். முன் பெஞ்சில் கொஞ்சம் பேர், கடைசி பெஞ்சுகளில் கொஞ்சம் பேர், நடுவில் காலி. அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடியே பாடத்தை நடத்தி முடித்தேன். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மேடம்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில்.

மதியம் துறைத்தலைவர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நல்ல செய்தி எதுவும் வந்ததில்லை. இந்த வருடம் நம் பிள்ளைகளை உருப்படியான கம்பெனி ஒன்று வேலைக்கு எடுக்காவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து மெக்கானிக்கலுக்குச் சேர்க்கை கிடையாதாம். நிர்வாகம் முடிவு செய்துவிட்டது.

"நம்மள கம்ப்யூட்டர் பக்கம் தள்ளுவாங்களாம். அங்க போய் நாம என்ன பண்றது, ஃபேன் ஓடுதான்னு பாக்கறதா?" என்றார். நான் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

பிப்ரவரி 6

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு, வேற காலேஜ் பாத்துக்கலாம்" என்றார். எல்லா இடத்திலும் இதே துறையைத்தான் மூடுகிறார்கள் என்று விளக்க அலுப்பாக இருந்தது. அவருடைய மருந்துக்கடையில் இன்று ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. அவர் கவலை அவருக்கு.

பிப்ரவரி 19

பம்பு செய்கிற கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர் நேரில் வந்தார். பெண். என் வயதுதான் இருக்கும். பிளாஸ்கில் சொந்தமாக டீ கொண்டுவந்திருந்தார்; எங்கள் கேன்டீன் டீயைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டார். அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"மார்க்கைப் பாத்து எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு சார். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். எதாவது குறைஞ்சா வாயத் தொறந்து கேக்கணும். மீதிய நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம்."

போன வருடம் சேர்ந்த ஒருவன், வரைபடத்தில் ஒரு அளவு இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டுத் தானே ஒன்றைப் போட்டுவிட்டானாம். ஒரு லாட் பம்பு மூடி முழுக்கப் பொருந்தாமல் மறுபடி உருக்கப் போனதாம்.

எங்கள் கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எங்களுக்குள் அவர் பெயர் மைக். கையில் மைக் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது.

பிப்ரவரி 21

மைக்கிடமிருந்து சுற்றறிக்கை. மாலை நான்கு மணிக்கு, இறுதியாண்டு மாணவர்களுக்கு, 'தெரியாது' என்று சொல்லப் பயிற்சி.

விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நேராக உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், லேசாகச் சிரிக்க வேண்டும், அதன் பிறகு சொல்ல வேண்டும்: "தெரியல மேடம், ஆனா கத்துக்க ஆர்வமா இருக்கேன்." அரங்கம் முழுவதும் கோரஸாகச் சொன்னார்கள். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான். "தெரியலங்கறத நல்லாத் தெரிஞ்ச மாதிரி சொல்லு தம்பி" என்று மைக் அதட்டினார்.

வெகுநாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 4

தேர்வு. ஆளுக்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். பம்பைத் தாங்கும் ஒரு இரும்புத் தாங்கி, அதில் இரண்டு போல்ட் துளைகள். துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று போடவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இது தயாரிப்புக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி.

ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் வைத்து அளந்து, ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவுதான் அளவு, தாளை அளக்கக் கூடாது — முதல் வருடம் முதல் வகுப்பில் நான் சொல்லிக் கொடுப்பது இது. பரீட்சையிலும் கேட்பேன். எல்லாரும் சரியாக எழுதுவார்கள்.

முடிந்ததும் அந்த அம்மா என்னிடமும் ஒரு தாளை நீட்டி, "நீங்க பாருங்க மேடம்" என்றார். என் கை ஸ்கேலைத் தேடியது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். பிளாஸ்கைத் திறந்து எனக்கும் கொஞ்சம் டீ ஊற்றினார். நல்ல டீ.

யாரையும் எடுக்கவில்லை.

மார்ச் 5

துறைத்தலைவர் இன்னொரு வாய்ப்பு கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வருகிறார்களாம்.

மார்ச் 8

மைக் கண்டுபிடித்துவிட்டார். தாளை வாங்கியவுடன் ஏதாவது அளவு விடுபட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்ததும் கையைத் தூக்க வேண்டும். "மேடம், இதுல ஒரு அளவு விட்டுப்போயிருக்கு, அது தெரியாம என்னால மேல போக முடியாது." இதுதான் வாசகம். மனப்பாடம்.

தேடிப் பழக வரைபடங்கள் வேண்டும் என்றார். இருபது வரைபடங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு அளவை அழித்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். வேறு யார் கொடுப்பார்கள்?

கேட்கச் சொல்லித் தருவதும் பாடம்தானே?

மார்ச் 18

பன்னிரண்டு பேரை எடுத்துவிட்டார்கள். வேறு வரைபடம், ஆனால் இதிலும் ஒரு அளவை விட்டிருந்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி இல்லாமல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிக்கூடக் கேட்டார்கள். மைக்கின் கைவண்ணம்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "ரெண்டே வாரத்துல எப்படி மேடம்? கேள்விய முன்னாடியே சொல்லிட்டாங்களோன்னு ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட கேட்டா உண்மையச் சொல்வீங்கன்னு தோணுச்சு."

வராந்தாவின் அந்தக் கோடியில் துறைத்தலைவர் நின்றிருந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் போன வருடத்துத் தேர்வு அட்டவணைதான் இருக்கிறது.

"வகுப்புல பேசினோம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேருந்தில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குற்ற உணர்ச்சி வரும் என்று பார்த்தேன். நிறுத்தம்தான் வந்தது.

மார்ச் 19

துறையில் கேக் வெட்டினார்கள். துறைத்தலைவரின் கண் கலங்கியிருந்தது. பாவம், மகளுக்கு இப்போதுதான் படிப்பு ஆரம்பம்.

ஏப்ரல் 11

கல்லூரி வாசலில் பெரிய பேனர். பன்னிரண்டு முகங்கள். கடைசி முகம் ஏணியுடையது. உயரமான பெண் என்பதால் அவள் வகுப்பு வைத்த பெயர், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். பேனருக்குள் அடக்க அவள் தலையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள்.

மெக்கானிக்கல் சேர்க்கை தொடரும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது.

மே 6

பிள்ளைகள் வேலையில் சேர்ந்தார்கள். மூன்று மாதம் பயிற்சிக் காலம், அதன் பிறகு நிரந்தரம். ஏணி போனில் கூப்பிட்டாள். "ஹெல்மெட் குடுத்திருக்காங்க மேடம், எனக்கு மட்டும் வாசல்ல இடிக்குது" என்று சிரித்தாள்.

ஜூன் 14

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 1

அந்த அம்மா கூப்பிட்டார். பன்னிரண்டு பேரையும் திருப்பி அனுப்புகிறார்கள்.

கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அளவு விட்டிருந்தா டக்குனு கேக்கறாங்க மேடம், அதுல குறையே சொல்ல முடியாது. நேத்து சோதனை மேடையில ஒரு பம்பு ஒழுகிட்டு இருக்கு. கீழ குளமா தண்ணி. பன்னெண்டு பேரும் சுத்தி நிக்கறாங்க. ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. ஒழுகினா கேக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல போல."

பிறகு நேராகக் கேட்டார்.

"அன்னிக்கு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"ஆமா" என்றேன்.

"அன்னிக்கே கேட்டேனே மேடம் உங்கள" என்றார். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4

ஏணி துறைக்கு வந்தாள். மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஆசிரியர் அறை வாசலில் வழக்கம்போல் குனிந்து நுழைந்தாள், இந்த வாசல் இடிக்காது என்றாலும்.

"ஒழுகறத நான் பாத்தேன் மேடம். சொல்லலாம்னுதான் இருந்தேன். அது கேக்கற விஷயமான்னு தெரியல. அதுல எந்த அளவும் விட்டுப்போகலையே."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தாள். "எனக்கு அங்க புடிச்சிருந்துது மேடம்" என்றாள். அழவில்லை. வேற வேலை தேடலாம்மா, நான் லெட்டர் தர்றேன்னேன். சரிங்க மேடம்னு போயிட்டா. போயிட்டா அவ்வளவுதான். எனக்கு ஏன் ஒண்ணுமே ஆகல? உடம்புக்கு ஏதாவதா? டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது, அழுகை வரலன்னா?

ஆகஸ்ட் 5

பேனரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "சேர்க்கை முடியட்டும்மா" என்றார் துறைத்தலைவர். கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

சேர்க்கை மேசையில் இன்று என் முறை. கூட்டம் இருந்தது. மெக்கானிக்கலுக்கு இவ்வளவு கூட்டம் பார்த்து வெகுநாளாகிறது.

மதியத்துக்கு மேல் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை; பாதி நாள் விடுப்பில் வந்திருந்தார். பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். அம்மா விண்ணப்பத்தை நிரப்பும்வரை அவள் ஜன்னல் வழியாகப் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அந்த போட்டோல இருக்கறவங்க எல்லாரும் இப்பவும் அங்கதான் வேலை பாக்கறாங்களா?"

கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. தெரியவில்லை, அதனால் கேட்டாள்.

"சும்மா இரு, மேடத்தப் போய் கேள்வி கேட்டுக்கிட்டு" என்று அம்மா அவள் முழங்கையைத் தட்டினார். என்னைப் பார்த்து, தப்பாக நினைக்க வேண்டாம் என்பதுபோல் சிரித்தார்.

"பாக்கறாங்க" என்றேன்.

அம்மா கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.