எழுந்து நிற்கும் விளையாட்டு

ஜூலை 14, திங்கள்.

ஆங்கிலப் பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் விளையாட்டு. நான் ஆங்கிலத்தில் ஒன்று கேட்பேன். ஆம் என்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். உண்மை சொன்னால் ஏச மாட்டேன் என்பதும் நான் போட்ட விதிதான்.

"நேற்று அருவியில் குளித்தவர்கள் யார்?" என்றேன். முத்துமாரி மட்டும் நின்றாள். கேள்வி புரிந்துவிட்டதே என்று கைதட்டினேன். பிறகுதான் உறைத்தது. நேற்று குற்றாலத்தில் வெள்ளம். ஒருவரையும் குளிக்க விடவில்லை. அங்கே தடுத்து நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் அவளுடைய அப்பா.

வகுப்பு முடிந்ததும் தனியே கேட்டேன். "அக்காமாரோட மேல காட்டுக்குள்ள போயி குளிச்சோம் மிஸ். அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவோம். அப்பாட்ட சொல்லிராதிய. ஏச மாட்டேன்னு நீங்கதான சொன்னிய?"

தலையாட்டிவிட்டு வந்தேன். மாலையிலும் மழை விடவில்லை. பொறுக்க முடியாமல் அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், வச்சிருதேன்" என்றார்.

அடித்திருப்பாரோ?

நாளை காலை அதே வகுப்பு. நான் என்ன கேட்டாலும் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்தே இருப்பதுபோல் இப்போதே கண்ணுக்குள் தெரிகிறது.