செலோ வாங்கிய விவரம்

அன்பு மகனுக்கு,

இங்கு மருமகளும் நானும் நலம். என் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மாடிக் குழாயின் கசிவு மட்டும் எந்தச் சமரசத்துக்கும் உடன்பட மறுக்கிறது.

உன் மனைவிக்குச் செலோ வாங்கிய விவரத்தை நானே எழுதுவதுதான் முறை. வயலினின் அண்ணன் போன்ற, நெஞ்சில் சாய்த்து வில்லால் வாசிக்கும் அந்தக் கருவியைக் கற்க அவள் ஆசைப்பட்டபோது, "கொஞ்ச நாள்ல விட்டுடுவா, மட்டமானதே போதும்ப்பா" என்று போனில் சொன்னாய். அந்த அறிவுறுத்தலை மீறிவிட்டேன். காரணங்களைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்.

கடையில் முதலில் மலிவானதைத்தான் எடுக்கச் சொன்னேன். பளபளப்பில் குறையில்லை. ஆனால் சுருதி கூட்டிய மறுகணமே தந்தியை இறுக்கும் ஆணி வழுக்கியது. தந்திகளோ பலகையை விட்டு மிக உயரத்தில் நின்றன. அழுத்திய அவள் விரலில் கோடு விழுந்ததே தவிர, ஒலி சரியாக எழவில்லை. "என் மேலதான் தப்பு மாமா" என்று எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாள் முதல் எல்லாவற்றுக்கும் அவள் சொல்வது இதையேதான்.

புதிதாகக் கற்பவருக்குப் பிழை தன்னுடையதா, கருவியுடையதா என்று பிரித்தறியத் தெரியாது. ஆகவே கருவியாவது பிழையற்றதாக இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்தேன். வேறொன்று கேட்டேன். "இதுக்குப் பளபளப்பு கம்மி, வக்கீல் சார்" என்று எச்சரித்தார் கடைக்கார அம்மாள். "எனக்கும்தான்" என்றேன். கழுத்து நேராக இருந்தது; ஒட்டுகளில் விரிசலில்லை; ஆணிகள் பிடித்த பிடியில் நின்றன.

உன் மனைவி அடித்தந்தியில் வில்லை இழுத்தாள்.

"சொல்லத் தெரியவில்லை" என்ற சாட்சியை நான் ஒருநாளும் எளிதில் விட்டதில்லை. இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த ஒலி மரத்தரை வழியாக வந்து என் உள்ளங்கால்களில் ஏறியது. அலமாரிக் கண்ணாடிகள் நடுங்கின. அவள் வில்லை நிறுத்தி, கருவியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "உள்ள அசையுது மாமா" என்றாள். ரசீதைப் படிக்காமலே கையெழுத்திட்டேன்.

ஈரமில்லாத, வெயில் நேராகப் படாத அறையில் வைக்க வேண்டுமாம். அப்படியோர் அறையை நீங்கள் இருவரும் முன்பே தேடித் தேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். சாவியை அவளே கேட்டு வாங்கினாள். தொட்டிலை அகற்றவில்லை, அதன் பக்கத்தில் அமர்ந்து அந்த ஒரே தந்தியை வாசிக்கிறாள். நான் கதவுக்கு வெளியே செய்தித்தாளைப் பிடித்தபடி பிரமித்து நிற்கிறேன்.

போனில் என் மருந்தை விசாரிக்கிறாய், குழாயை விசாரிக்கிறாய். "அவகிட்ட குடுங்கப்பா" என்று மட்டும் சொல்வதில்லை. இது குற்றச்சாட்டன்று.

அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறாள். எனக்கென்று எண்ணி நேற்று உட்காரப் போனேன். "அது உங்களுக்கில்ல மாமா" என்றாள்.

இருவரும் நீடு வாழ்க. விடுப்புக் கிடைத்ததும் புறப்படு.

உன் அப்பா