சவுதியிலிருந்து வந்த சாப்பாட்டுப் பெட்டி

14-3-91, வியாழன்

பனி. ஏழரை பஸ் பென்னலூரில் நிற்கவே இல்லை. அடுத்ததைப் பிடித்து சு.சத்திரம் கம்பெனி போய்ச் சேர எட்டேகால். சூப்பர்வைசர் முறைத்தான். முறைக்கட்டும். இன்று முழுக்க வலது கைக் கையுறை மட்டும். கட்டைவிரல் தைத்துத் தைத்துக் கண் எரிச்சல்.

செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய். அத்தைக்குக் கண் மருந்து. வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது.

மூன்றாவதை முதலில் முடித்தேன். அரிசி டிரம்மில், அடியில், பிளாஸ்டிக் கவரில்.

இவர் சவுதியிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்து கேம்ப்பில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. சண்டை முடிந்தது, கேம்ப்பைக் காலி செய்தார்கள், இவர்களையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது ஏஜெண்ட் திங்கட்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். மறுபடி வேறு இடத்துக்கு அனுப்ப.

போகுமுன் தைத்த பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொள்கிறார். கேட்டால், "சாப்பாட்டுக்கு இன்னா கொறை? பட்டாளத்துக்காரன் துன்றதுதான் எங்களுக்கும். பொட்டி பொட்டியா வரும். கறி, சாக்லேட்டு, எல்லாம் கீது." கடிதத்திலும் இதையேதான் எழுதினார். நானும் அதை கம்பெனியில் எங்கள் தையல் லைனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மண்டு.

அந்தப் பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். பீரோ மேல் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், பிரிக்க மாட்டார். சாயங்காலம் நான் இறக்கினேன்.

"வாணாம் கஸ்தூரி. அழகா கீது, அப்படியே இருக்கட்டும்."

"துன்ற பொருள்தானே?"

பிரித்தேன். என்னையும் அத்தையையும்விட இவர்தான் எட்டி எட்டிப் பார்த்தார்.

உள்ளே:
– டப்பா மூன்று. படம் இல்லை, எழுத்து மட்டும்
– பிஸ்கெட். செங்கல்தான். அத்தை டீயில் ஊறவைத்தும் அசையவில்லை
– சாக்லேட். கசப்பு. யார் தின்பார்கள் இதை? (பாதி தின்றேன்)
– பழ அல்வா மாதிரி ஒன்று. நன்றாக இருந்தது
– காப்பித் தூள், சர்க்கரை, தீப்பெட்டி
– மெல்லிய காகிதம் ஒரு கட்டு. எதற்கோ
– மடித்த தகரத் துண்டு, ஓட்டையோடு
– வெள்ளை வில்லைகள் ஆறு
– பிரெஞ்சில் அச்சடித்த சீட்டு

இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார். மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டேன். திங்கட்கிழமைக்குள் விஷயத்தைக் கறக்காமல் விடமாட்டேன்.

15-3, வெள்ளி

ஓவர்டைம் இல்லை. வீட்டுக்கு வந்தால் இவரே அரிசி களைந்து உலை வைத்திருந்தார். ஆச்சரியம்.

விளக்கேற்றும் நேரத்தில் பார்த்தால் கற்பூரம் தீர்ந்துபோயிருந்தது. அத்தை அந்த வெள்ளை வில்லையை எடுத்து, "இது இன்னாடா?" என்றார்கள்.

"கற்பூரம்மா."

"பிரெஞ்சுக்காரனுக்கு எதுக்குடா கற்பூரம்?"

"சண்டைக்குப் போறவன் சாமி கும்புடாம போவானா?"

நியாயமாகத்தான் பட்டது. அத்தை தட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். நீல நெருப்பு. கரியே இல்லை. முருகனுக்கு மூன்று சுற்று சுற்றுவதற்குள் வீடெல்லாம் மீன் வாடை. கண்ணில் தண்ணீர். ஊதினாலும் அணையவில்லை. அத்தை தட்டோடு வாசலுக்கு ஓடினார்கள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமிக்குக் கருவாடு காட்ட வச்சிட்டியேடா பாவி!"

இவர் சொன்னது: "வெளிநாட்டுக் கற்பூரம் அப்படித்தாம்மா இருக்கும்."

தட்டைப் புளி போட்டு இரண்டு முறை தேய்த்தேன்.

16-3, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. கழுத்தெல்லாம் வேர்க்குரு.

டப்பாக்களையும் சீட்டையும் வில்லை ஒன்றையும் பையில் போட்டு கம்பெனிக்கு எடுத்துப் போனேன். என் பக்கத்து மெஷின் ஸ்டெல்லா அக்கா பாண்டிச்சேரிக்காரி. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அக்காவுக்கும் பிரெஞ்சு படிக்க வரும். சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சொன்னார்.

"இது மாடு. இது பன்னி ஈரல். இது மீனு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டி."

மாடும் பன்றியும் எங்கள் வீட்டில் நுழையாது. அக்காவே வைத்துக்கொண்டார், முகமெல்லாம் பல்.

வில்லையைக் காட்டி நேற்றைய கதையைச் சொன்னேன். வாயில் இருந்த சோறு வெளியே வரச் சிரித்தார். "அடியே, அது அடுப்பு எரிக்கறதுடி! பொட்டில ஒரு தகரம் இருக்குமே, அதை மடக்கினா அடுப்பு. வில்லையைக் கொளுத்தி, டப்பாவை மேல வச்சி சுட வைக்கணும். சீட்டுலயே போட்டுகீது பாரு."

நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு மாதம் தினமும் இந்தப் பெட்டியைச் சாப்பிட்ட மனுஷனுக்கு இது தெரியாதா?

மத்தியானம் ஒரே ஷிப்டில் மூன்று ஊசி உடைத்தேன். ஸ்டெல்லா அக்கா சொன்ன இன்னொரு விஷயம்: இங்கே லோடிங்குக்கு ஆள் தேடுகிறார்கள். குறித்துக்கொண்டேன்.

17-3, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். மீன் டப்பா, தகரம், வில்லை மூன்றையும் வாசலில் இவர் முன்னால் வைத்தேன்.

"அங்க பண்ணா மாதிரி சுட வச்சிக் குடுங்க."

தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மடக்கினார், பிரித்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது கஸ்தூரி. நான் துன்னதே இல்ல."

பிறகு தானாகவே சொன்னார். குப்பூஸ் ரொட்டி, வெங்காயம். சில நாள் வெறும் ரொட்டி. "நாள் முச்சூடும் அந்தப் பொட்டியத்தான் தூக்குவோம். ஒரு அட்டை கிழிஞ்சாலும் கேள்வி. மூக்க வச்சி வாசனை வருதான்னு பாப்போம். வராது. கடைசி நாள் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. மத்தவனுங்க அங்கயே பிரிச்சிட்டானுங்க."

"நீங்க ஏன் துன்னல?"

"கடுதாசில எழுதிட்டேனே. உன்கிட்ட காட்ட வாணாமா?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். இதற்கா மறுபடி போக வேண்டும் என்று கேட்டேன்.

"பாதில ஓடியாந்தவன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. எங்க லைன்ல நான்தான் கடுதாசிய படிச்சிக் காட்டினேன். சிரிச்சா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. நான் பாத்துக்கறேன்."

தகரத்தை நானே மடக்கினேன், வில்லையைக் கொளுத்தினேன். அதே நீல நெருப்பு, அதே வாடை. மீனைச் சுடச்சுடச் சோற்றில் கொட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார்.

"உப்பே இல்ல. இதுக்கா அவ்ளோ ஏங்கினோம்?"

ஊறுகாய் வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். கம்பெனி லோடிங் வேலையைச் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" எதற்கு என்று தெரியவில்லை.

18-3, திங்கள்

அரை நாள் லீவு. புழுக்கம். பத்து மணிக்கு ஏஜெண்ட் வந்தார், வெள்ளைச் சட்டை, சென்ட். டீ போட்டேன்.

"பாஸ்போர்ட்டை எடுத்தாப்பா. இந்தத் தபா சாப்பாடெல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. "பாஸ்போர்ட் எங்க வச்சேன்னு தெரியல சார். தேடவும் போறதில்ல. நான் வரல."

ஏஜெண்ட் அரை மணி நேரம் பேசிப் பார்த்தார். டீயைத் தொடாமலே எழுந்து போனார். இவர் அந்த டீயை எடுத்து, மிச்சமிருந்த செங்கல் பிஸ்கெட்டை அதில் ஊறவைத்தார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "பாஸ்போர்ட்டு அரிசி டிரம்லதான் கீது."

"தெரியும். வெள்ளிக்கெழமை உலைக்கு அரிசி எடுத்தது யாரு?"