துக்கப் பந்தலில் சுற்றிய தட்டு

ஸல்ட், ஜோர்டான்
ஆலிவ் பறிக்கும் காலம்

என் கண்ணே ருபா,

இறைவனின் அமைதி உன்மேல் உண்டாகட்டும். அந்தக் குளிர் ஊரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் வலிதான் குறையவில்லை. படியேறாமல் போய்ச் சேரும் வீடு இந்த ஊரில் ஏது?

தினமும் போனில் பேசும் பாட்டிக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் எண்ணைப் போட்டுத் தருகிறவன் உன் தம்பி. பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். இது அவன் காதில் விழக் கூடாத சேதி. எதிர்வீட்டு சிவார் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள் என்றார்கள். அவளிடம் உனக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில், ஸஅதர் மூலிகைப் பொடிக்கும் தயிர்க்கட்டிக்கும் நடுவில் இதையும் வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த வகுப்பில் என் கையெழுத்துக்காக என்னைத்தான் டீச்சர் கரும்பலகையில் எழுதச் சொல்வார். அதனால் படிக்கச் சிரமம் இருக்காது.

முதலில் நீ கொடுத்த வேலை. இளம்பிள்ளைகள் புகையிலையை விடுவதற்கு எதை முதலில் ஆராய வேண்டும் என்று நீங்கள் டாக்டர்கள் எல்லாரும் கூடி முடிவெடுக்கப் போகிறீர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளையும் கேளுங்கள் என்றாய். கேட்டேன். பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஒரு பை கஅக் ரொட்டியோடு உட்கார்ந்தேன். ரொட்டி இருந்தால் பிள்ளைகள் தானாக வருவார்கள்.

ஒருவன், “ஹஜ்ஜா, யோசிச்சுச் சொல்லணும்னா முதல்ல ஒரு சிகரெட் குடுங்க” என்றான். செருப்பைக் கழற்றினேன், நாலு படி தாண்டி ஓடினான். இன்னொருவன், “டாக்டர்கிட்ட போனேன் ஹஜ்ஜா. ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டி ஊதிக்கிட்டே, ‘தம்பி, இத விட்டுரு’ன்னாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஒரு பெண் எல்லாரும் போகும்வரை நின்றாள். ஹூக்கா பழக்கமாம். “மருத்துவமனைக்குப் போனா அங்க நர்ஸு எங்க அத்தையோட சிநேகிதி. நான் வீடு திரும்புறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும்” என்றாள். பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியாக ஒல்லியாய் ஒருவன். அவன் விட்டுவிட்டு மறுபடி பிடித்தவனாம். “முதல் தடவை விட்டப்போ எல்லாரும் தட்டிக் குடுத்தாங்க. மறுபடி பிடிச்சதும் என்கிட்ட யாரும் அதப் பத்திப் பேசுறதே இல்ல” என்றான். மற்றவர்கள் சொன்னதை நீ எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள், அவன் சொன்னதை மட்டும் அப்படியே எழுது.

இனி வீட்டு விஷயம்.

போன வாரம் போனில் சொன்னாய், கூட்டத்தில் உன் பேச்சைத் தம்பி சுஹைபின் கதையோடுதான் தொடங்கப்போகிறாய் என்று. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த அப்பா கையை நீட்டினதும், பதினேழு வயதுத் தம்பி தன் சிகரெட் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தான், அன்றோடு விட்டான் என்று. உன் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை.

அவன் விட்டது உண்மை, ருபா. அதை யாரும் பொய்யென்று சொல்ல நான் விடமாட்டேன். வசந்த காலம் முழுக்கத் தர்பூசணி விதையைக் கொறித்துக் கொறித்து உதடு உப்பில் வெடித்திருந்தது. வீடு முழுக்கத் தோல். கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. திட்டினேன், ஆனால் மறுநாளும் விதை வறுத்து வைத்தேன். உன் அப்பா ஃபவ்வாஸ் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். “அம்மா, என் பையன் என்னைவிடப் பெரிய ஆளு” என்றான்.

பிறகு என் பிள்ளை போனான். அன்றே அடக்கம். உன் தங்கும் அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது, நீ வர முடியவில்லை. அதற்காக நீ அழுதது போதும், கண்ணே. போனில் எங்கள் பக்கத்தைப் பார்த்தாய்: பெண்கள், குர்ஆன் ஓதுதல், பேரீச்சம்பழம். ஆண்களின் பந்தலை உனக்கு யாரும் காட்டவில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி, அதன் பின்னால் சிகரெட் தட்டு. இறந்தவன் நுரையீரல் கருகி இறந்தாலும் தட்டு சுற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் கஞ்ச வீடு என்று பேர். வீட்டின் மூத்த மகன்தானே உபசரிக்க வேண்டும்? உன் சித்தப்பா நவ்ஃபான் தட்டைக் கொண்டுவந்து சுஹைபின் கையில் வைத்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அண்ணன் மகனுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தான்.

பிள்ளை வரிசை வரிசையாகக் குனிந்து நீட்டினான், வந்தவர்களுக்குப் பற்றவைத்துக் கொடுத்தான். முகத்தைத் திருப்பித் திருப்பி மூச்சு விட்டான். மூலையில் பெரியவர் அபு மிஷால் இருந்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், தானே பற்றவைத்தார், எழுந்து நின்று அவன் உதட்டுக்குப் பக்கம் நீட்டினார். “இந்தா மகனே, இனி இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பள” என்றார். அவர் கண்ணில் தண்ணீர். பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்த பெரியவர் கையை யார் தள்ளுவார்கள்? வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து நிற்கவில்லை. உன்னிடம் போனில், “விதைதான்க்கா, விதைதான்” என்கிறான். பக்கத்தில் நின்று நான் தரையைப் பார்க்கிறேன். மொட்டைமாடியில் அப்பாவின் தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பா பிடித்த அதே சிகரெட். கீழே இறங்கி அவன் நடைவழியில் போகும்போது அந்த வாசனை வருகிறது. ஃபவ்வாஸ் வந்துவிட்டான் என்று தலை நிமிர்கிறேன். ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்துபோகிறது. அந்த ஒரு நொடியை நான் யாரிடம் சொல்வேன்?

மாடிக்கு ஏறிப்போய் அவனைக் கேட்டேன். கோபமாகத்தான் ஏறினேன், முழங்கால் அதை இன்னும் கூட்டிவிட்டது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. “பாட்டி, மாத்திர தந்தாங்க, முழுங்கினேன். விதை தந்தீங்க, மென்னேன். அன்னிக்கு அந்தக் கையப் பார்த்து வேணாம்னு சொல்ல ஒரு வார்த்தை வேணும். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் கத்துக்கறேன்” என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் படாமல் புகையை அந்தப் பக்கம் ஊதினான்.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் கூட்டத்தில் மாத்திரை, போனில் வரும் பாடம், விலையேற்றம் என்று எத்தனையோ பேசுவீர்கள். எல்லாம் வேண்டியதுதான். இதையும் மேலே வை: விட்ட பிள்ளை, வீட்டில் சாவு விழுந்த நாளில் எப்படித் தாங்குவான்? பெரியவர்கள் அன்பாக நீட்டுவதை அவன் எப்படி மறுப்பான்? சுஹைபின் கதையைச் சொல். ஆஸ்பத்திரியோடு நிறுத்தாதே. அவன் பேரை மட்டும் சொல்லாமல், பந்தல்வரை சொல்.

அவனிடம் கோபப்படாதே. பொய் சொன்னாயே என்று கேட்டுவிடாதே. அந்தப் பொய் உன்மேல் உள்ள பாசம். “மறுபடி முயற்சி பண்ணலாமாடா?” என்று மட்டும் கேள். அவன் வேண்டாம் என்றால் அடுத்த மாதம் மறுபடி கேள். அந்த ஒல்லிப் பையனிடம் பேச யாரும் இல்லாமல் போனது போல இவனுக்கு ஆகக் கூடாது. நான் தினமும் விதை வறுத்து வைக்கிறேன். கிண்ணம் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று. நவ்ஃபானைக் கூப்பிட்டு, எனக்கு ஒன்று ஆனால் பேரீச்சம்பழம் மட்டும் போதும், தட்டு சுற்றக் கூடாது என்றேன். “அம்மா, எதுக்கு இந்தப் பேச்சு? அதுவும் ஊரு என்ன சொல்லும்?” என்று எழுந்து போய்விட்டான். அவன் செய்யமாட்டான், எனக்குத் தெரியும். மறுபடியும் அந்தப் பிள்ளை கையில்தான் தட்டு வரும்.

ஆகவே உன்னைத்தான் கேட்கிறேன். உன் அனுமதிச் சீட்டை எப்போதும் தயாராக வைத்திரு. அந்த நாளில் எப்படியாவது வந்துவிடு. என் முகத்தைப் பார்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. ஆண்களின் பந்தலுக்குள் நம் வீட்டுப் பெண்கள் போனதில்லை. நீ போ. எல்லாரும் பார்க்க, உன் தம்பி கையிலிருந்து அந்தத் தட்டை வாங்கிக்கொள். பாட்டி சொன்னாள் என்று சொல்.

இறைவன் உன் காலடியை அகலமாக்கட்டும், உன் மூச்சையும் உன் தம்பி மூச்சையும் நீளமாக்கட்டும்.

உன்னை நினைத்துத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கும்,
பாட்டி வத்ஃபா