ஏழாவது கேள்விக்கு நீ எழுதிய பதில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அங்கே நீ, மாப்பிள்ளை, பையன் மூவரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, துணி காயப்போடுகிறேன் என்று ஏறிவிடுகிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இப்போதைய துறைத்தலைவி என்னிடம் படித்த பெண். ஓய்வு பெற்ற சமூகவியல் பேராசிரியர்களின் பணி வரலாற்றை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொகுத்து நூலகத்தில் வைக்கப் போகிறார்களாம். மாதிரிக்கு இரண்டு பக்கம் அனுப்பியிருந்தாள். ஒன்று, நாங்கள் புள்ளிவிவரம் என்று கூப்பிடுவோமே, அந்த மக்கள்தொகைக்காரருடையது, இன்னொன்று சிறைச்சாலைகளைப் பற்றி எழுதிய அம்மையாருடையது. சேர்ந்த ஆண்டு, பதவி உயர்வு, புத்தகங்கள், ஓய்வு, அவ்வளவுதான். படித்தால் நாங்கள் எல்லோரும் நியமன உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தவர்கள் போல இருக்கிறது. நான் மட்டும் என்ன சளைத்தவனா என்று பேனாவை எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "எழுதுங்க எழுதுங்க, ஒரு பக்கம் போதுமா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கள ஆய்வு தொடங்கிய தேதி ஞாபகம் வராமல் துறைக்கே போனேன். என் அறையில் இப்போது இரண்டு இளம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், என் பெட்டிகள் படிக்கட்டின் கீழே துடைப்பங்களோடு கிடந்தன. அப்பாக்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்ட வீடுகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ந்தேனே, எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கிக் கொடுத்த புத்தகம். நானூறு வீடுகளுக்குப் போகும் முன், கேள்விகள் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒரு தாளை உன் பள்ளிப் பையில் வைத்துவிட்டுப் போனேன். உனக்கு ஒன்பது வயது. நீ பென்சிலில் எழுதிய அந்தத் தாள், பெட்டியில் இருந்த கேள்வித்தாள் கட்டின் அடியில் இருந்தது. இரவில் யார் யார் சேர்ந்து சாப்பிடுவீர்கள் என்பது ஏழாவது கேள்வி. நானும் அம்மாவும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா கடைசியாக உன்னோடு விளையாடியது எப்போது என்பது எட்டாவது. அப்பா வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, கேள்விகள் புரிகின்றன, பதில்கள் பொருந்தாது, தந்தை உள்ளூர் என்று ஓரத்தில் எழுதி ஒதுக்கியிருக்கிறேன்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. ஊரார் பிள்ளைகள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் பதிந்தவன், என் பிள்ளை சொன்னதைப் படித்தும் படிக்காமல் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். "இதைக் கேக்கணும்னுதான் அன்னைக்கு ராத்திரி உங்களுக்காக முழிச்சிருந்தா, அப்படியே தூங்கிட்டா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீ போனில் என்னிடம், "உடம்பு எப்படி இருக்குப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்வதை இத்தனை நாள் உன் அவசரம் என்று நினைத்திருந்தேன். உன் மேல் தப்பே இல்லை. என்னை மன்னித்துவிடு, இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துறைக்கு என் பக்கத்தை அனுப்பிவிட்டேன், புத்தகத்தின் பெயருக்குக் கீழே, ஆய்வில் ஒரு வீடு விட்டுப்போயிற்று என்று ஒரு வரி சேர்த்து. உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு அழியவில்லை, அதனால் பக்கத்தில் பதில்கள் சரி என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

பையன் ஏதாவது கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பதில் சொல். மூவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, எட்டாவது கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நானும் ஒரு வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

இங்கேயே இருக்கும்,
உன் அப்பா